ஸ்பூல் டேப் தொடங்குகிறீர்களா? நல்ல டேப்பைக் கடைசியில் மாட்டுங்கள்

கேசட்டுக்கு முன்பிருந்த, திறந்த சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாவான ஸ்பூல் டேப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். பார்வைக்கு அழகான ஒரு மெஷினை வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் செருகுகிறார்கள். பிறகு வீட்டில் இருப்பதிலேயே அருமையான டேப்பை, தாத்தா சபாவில் பிடித்த கச்சேரியையோ கல்யாண வீட்டுப் பேச்சையோ, மாட்டி ஓடவிடுகிறார்கள். மெஷினில் எந்தக் கோளாறு இருந்தாலும் முதல் அடி அந்த டேப்புக்குத்தான் விழும்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். டேப்பைப் பார்ப்பது முதலில். அதற்கேற்ற மெஷின், கரண்ட், சுத்தம், வேண்டாத டேப்பில் வெள்ளோட்டம் எல்லாம் அதற்கப்புறம். அருமையான டேப் மெஷினில் ஏறுவது இவை எல்லாம் முடிந்த பிறகுதான்.

மெஷின் வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இயர்பட், நூல் பிரியாத துணி, நல்ல டார்ச். காலி ஸ்பூல் ஒன்று. இது இல்லாமல் டேப்பை ஓட்டவே முடியாது, ஆனால் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பழைய டேப். ஒட்டுவதற்கான ஸ்பிளைசிங் டேப், வெட்டுவதற்கான பிளாக், புது பிளேடு.

செலோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை நாளடைவில் ஓரங்களில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டிவிடும், டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் ஏறும்.

1. டேப்புகளை எடுத்துப் பாருங்கள்

வீட்டு ஸ்பூல் டேப் எல்லாமே கால் அங்குல அகலம்தான். மாறுவது வேகமும் தடமும். இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் மெஷின் தேடுவதில் அர்த்தமில்லை.

வேகத்தை நொடிக்கு இத்தனை அங்குலம் என்று சொல்வார்கள். வீட்டு மெஷின்களில் 1⅞, 3¾, 7½ வரும். 15 என்பது ஸ்டுடியோ வேகம். வேகம் கூடக்கூட ஒலி தெளியும், இரைச்சல் குறையும், டேப்பும் சீக்கிரம் தீரும். 7 அங்குல ஸ்பூலில் உள்ள 1,200 அடி டேப் 7½ வேகத்தில் 32 நிமிடம்தான் ஓடும். 3¾ வேகத்தில் 64 நிமிடம். முழுக் கச்சேரியையும் பிடிக்க வேண்டும் என்று நினைத்த ரசிகர்கள் குறைந்த வேகத்துக்குப் போனதன் காரணம் இதுதான்.

தடம்தான் புதியவர்களைக் குழப்புவது. பழைய மோனோ மெஷின்களில் பல டேப்பின் மேல்பாதியில் ஒரு பக்கத்தைப் பதியும். ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் கீழ்ப்பாதியில் மறுபக்கம் பதிவாகும். இது அரைத் தடம். பின்னால் வந்த வீட்டு ஸ்டீரியோ மெஷின்கள் டேப்பை நான்காகப் பிரித்தன. 1, 3 ஆகிய தடங்கள் ஒரு திசையிலும் 2, 4 எதிர்த்திசையிலும் ஓடும். இது கால் தடம். ஸ்டுடியோக்கள் இரண்டு அகலத் தடங்களையும் ஒரே திசையில் பதிந்தன.

அட்டைப் பெட்டியின் பின்புறம், முதுகு, உள்ளே சொருகிய துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படியுங்கள். வேகம், தேதி, எந்த மெஷின் என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். பெட்டியும் டேப்பும் மாறிப்போயிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

2. அதற்கேற்ற மெஷினை முடிவு செய்யுங்கள்

வீட்டில் பதிந்த பழைய டேப்புகள்தான் உங்கள் நோக்கமா? 3¾, 7½ வேகங்கள் உள்ள கால் தட ஸ்டீரியோ மெஷின் போதும். அகாய் ஜிஎக்ஸ்-4000டி போன்ற 7 அங்குல மெஷின்கள் இந்த வகை. 1⅞ வேகத்தில் பதிந்தவை நிறைய இருந்தால் அந்த வேகமும் உள்ளதாகத் தேடுங்கள்.

கால் தட ஹெட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது அரைத் தட மோனோவையும் படித்துவிடும். இடது சேனலில் பாட்டு நேராக வரும். வலது சேனலில் மறுபக்கம் பின்னோக்கி ஓடும். இதைக் கேட்டு டேப் கெட்டுப்போய்விட்டது என்று கலங்குகிறவர்கள் உண்டு. கெடவில்லை. வலதைக் குறைத்துவிட்டு இடதை மட்டும் கேளுங்கள். மாறாக, கால் தட டேப்பை அரைத் தட ஹெட்டில் போட்டால் இரண்டு திசைகளும் ஒரே சேனலில் கலந்து வரும், பிரிக்க வழியில்லை.

ஸ்டுடியோ மூலப் பதிவிலிருந்து எடுத்து இன்று புதிதாக விற்கும் மாஸ்டர் பிரதிகளைக் கேட்பதுதான் ஆசை என்றால் பாதை வேறு. அவை பெரும்பாலும் 10½ அங்குல ஸ்பூலில், 15 வேகத்தில், அரைத் தட ஸ்டீரியோவாக வரும். பதியும்போதும் கேட்கும்போதும் உச்ச, தாழ் ஒலிகளை ஏற்றி இறக்கும் முறை (ஈக்வலைசேஷன்) அவற்றில் பெரும்பாலும் ஐஇசி என்ற தரம்; அமெரிக்க, ஜப்பானிய வீட்டு மெஷின்களில் இருப்பது என்ஏபி. ஒன்றில் பதிந்ததை மற்றதில் கேட்டால் ஒலியின் நிறம் மாறும். ரெவாக்ஸ் ஏ77, பி77 மெஷின்கள் அரைத் தடத்திலும் கால் தடத்திலும் வந்தன. 15 வேகம் கொண்ட ரகமும் உண்டு, இல்லாத ரகமும் உண்டு. பெயரை மட்டும் கேட்டு வாங்காமல் ஹெட்டையும் வேகப் பொத்தானையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு ஆசையும் இருந்தால்? முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் செய்யும் மெஷினைத் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

3. காசு கொடுப்பதற்கு முன் கரண்ட் கணக்கு

இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த மெஷினுக்கு 100 வோல்ட். அமெரிக்க மெஷினுக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஹெர்ட்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் மாற்றும். பல மெஷின்களில் டேப்பை இழுக்கும் மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும். 60க்கு அமைத்ததை 50ல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் கேட்பார், பாட்டும் இழுவையாக நகரும்.

சில மெஷின்களில் மோட்டார் தண்டில் உள்ள புல்லியை மாற்றியோ, பெல்ட்டை வேறு படிக்கு நகர்த்தியோ 50க்குக் கொண்டுவரலாம். அந்தப் புல்லி கூடவே வருகிறதா என்று கேளுங்கள். தனியாகத் தேடுவது பெரும்பாடு. ரெவாக்ஸ் ஏ77 போல, டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனின் மோட்டாரை மின்னணுச் சுற்று கட்டுப்படுத்தும் மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை.

பின்புறம் வோல்ட்டேஜ் செலக்டர் இருந்தால் அது எதில் நிற்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினில் அது 110ல் நின்றால், பிளக்கைச் செருகிய நொடியில் கதை முடிந்துவிடும்.

4. விற்பவர் இடத்தில் பார்க்க வேண்டியவை

மெருகையும் மீட்டர் விளக்கையும் விடுங்கள். டார்ச்சை எடுத்து ஹெட்டின் முகத்தைப் பாருங்கள். டேப் உரசிய இடத்தில் பளபளப்பான ஒரு பட்டை தெரியும். அது மெல்லியதாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் நல்லது. அகன்று தட்டையாகி, நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டும்போது ஓரத்தில் படி போலத் தட்டினால் ஹெட் நிறையத் தேய்ந்திருக்கிறது. பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் ஹெட் சாய்ந்திருக்கிறது. அகாயின் ஜிஎக்ஸ் ஹெட்டுகள் கண்ணாடியும் ஃபெரைட்டும் சேர்ந்தவை. சுலபத்தில் தேயாது, ஆனால் விளிம்பு சில்லுவிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிஞ்ச் ரோலர். டேப்பைக் கேப்ஸ்டனோடு சேர்த்து அழுத்தும் ரப்பர் சக்கரம் இது. விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும். பாறையாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது ஒரு விஷயம். பல மெஷின்களில் டேப் மாட்டாவிட்டால் எதுவும் அசையாது. டேப் தூக்கிப் பிடிக்கும் கைக்குக் கீழே ஆட்டோ ஸ்டாப் ஸ்விட்ச் இருக்கும். கை தொங்கிக்கொண்டிருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. மோட்டார் போய்விட்டது என்று சொல்லி மலிவாக விற்கப்படும் மெஷின்களில் சில இந்த ரகம். நல்ல மெஷினை அதே காரணத்துக்காக வேண்டாம் என்று விட்டுவருகிறவர்களும் உண்டு.

‘நன்றாக இருக்கிறது, பல வருஷமாக ஓட்டவில்லை’ என்பது நல்ல செய்தி அல்ல. ஓட்டாத மெஷினில் கிரீஸ் கெட்டியாகி லீவர்கள் இறுகும், பெல்ட் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒரு சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை பேசுங்கள்.

5. முதல் முறை கரண்ட் கொடுப்பது

நேராகச் சுவரில் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு வழியாகக் கொடுங்கள். அதில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு இருக்க வேண்டும். எல்இடி இதற்கு உதவாது. மெஷினுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவையென்றால் போர்டைச் சுவருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் வையுங்கள்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்லது. முழுப் பிரகாசத்தில் அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். உள்ளே பழுது இருந்தால் வரக்கூடிய கரண்டைப் பல்பு தன்மேல் வாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் எரியாது. போர்டில் இருக்கும்போது மோட்டார் சோர்வாகச் சுற்றினால் அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பழைய மெஷின்களில் உள்ள காகித வகைக் கெபாசிட்டர்கள் ஈரம் குடித்து வெடித்துப் புகை விடுவது சகஜம். நாற்றம் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் சேதம் அந்தக் கெபாசிட்டரோடு நின்றுவிடும். முடிந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே சார்ஜ் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

6. டேப் போகும் பாதை முழுக்கத் துடைப்பது

இடது ஸ்பூலில் தொடங்கி வலது ஸ்பூல்வரை டேப் எதையெல்லாம் தொடுகிறதோ அதையெல்லாம் ஆல்கஹால் தொட்ட இயர்பட்டால் துடையுங்கள். இயர்பட் பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஹெட்டில் படியும் பழுப்புப் பொடி டேப்பை மேற்பரப்பிலிருந்து விலக்கிவிடும். மயிரிழை விலகினாலே உச்ச ஒலிகள் மங்கிவிடும். மெஷின் சரியில்லை என்று வருகிற புகார்களில் கணிசமானவை இதில் தீர்ந்துவிடுகின்றன.

ரப்பர் ரோலருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரே போதும். துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து ஹெட்டில் தங்கிய காந்தத்தைப் போக்குவது. அதற்கான கருவியான டீமேக்னடைசரில் வரிசை தவறினால் நன்மைக்குப் பதில் கெடுதல்தான். மெஷின் அணைந்திருக்க வேண்டும். டேப்புகள் எல்லாம் அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியைப் போட்டு, மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோய், ஹெட்டையும் டேப்பை வழிநடத்தும் கைடுகளையும் தடவுவதுபோல் நகர்த்தி, அதே மெதுவில் ஒரு மீட்டர் பின்வாங்கிய பிறகே அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்திலேயே அணைத்தால் முன்பைவிட அதிகக் காந்தம் ஏறிவிடும்.

7. வேண்டாத டேப்பில் வெள்ளோட்டம்

டேப் ஸ்பூல் இடப்பக்கம், காலி ஸ்பூல் வலப்பக்கம். இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். 7 அங்குலத்துக்கு எதிரே 3 அங்குலம் மாட்டினால் இரு பக்க இழுவிசையும் பொருந்தாமல் டேப் தளரும் அல்லது நீளும். ஸ்பூல் அளவுக்கான சுவிட்ச் இருந்தால் அதையும் சரியாக வையுங்கள்.

காந்தப் பூச்சுள்ள பக்கம் ஹெட்டைப் பார்க்க வேண்டும். பொதுவாக அது பழுப்பு. திருப்பி மாட்டினால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கி வரும். காலி ஸ்பூலில் இரண்டு மூன்று சுற்று கையால் சுற்றி, தொய்வை எடுத்த பிறகு பிளே.

பிரேக்கைச் சோதியுங்கள். பாதி டேப்பில் வேகமாக ரீவைண்ட் போட்டு ஸ்டாப் அழுத்துங்கள். டேப் வளையமாக வெளியே கொட்டக் கூடாது. வெடுக்கென்று இழுபடவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் நல்ல டேப்புக்கு இன்னும் வேளை வரவில்லை.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. டேப்பின் பின்பக்கத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. அங்கிருந்து 5.7 மீட்டர் அளந்து இன்னொரு கோடு. 3¾ வேகத்தில் முதல் கோடு ஹெட்டைக் கடந்ததிலிருந்து இரண்டாவது கடக்கும்வரை 60 நொடி ஆக வேண்டும். 7½ வேகத்தில் 30. மூன்றாம் படியில் சொன்ன ஹெர்ட்ஸ் சிக்கல் இருந்தால் 60 நொடிக்குப் பதில் 72 காட்டும்.

ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் அல்லது டேப் இன்புட்டில் கொடுங்கள், இசைத்தட்டுக்கான ஃபோனோவில் வேண்டாம். பழைய ஐரோப்பிய மெஷின்களில் ஐந்து முள் டின் (DIN) சாக்கெட் இருக்கும்: ஒலி வெளிவருவது 3, 5 முட்களில், உள்ளே போவது 1, 4, கிரவுண்ட் 2. ஒலி வரவில்லை என்றால் கேபிள் இந்த இணைப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒலி மங்கலாக இருந்தால் ஹெட் பக்கத்தில் உள்ள திருகுகளைத் திருகத் தோன்றும். வேண்டாம். எந்தத் திருகு எதற்கு என்று தெரியாமல் மூன்றையும் திருகிவிட்டால், சோதனை டேப் வைத்திருக்கும் மெக்கானிக்கால்தான் அதை மீட்க முடியும்.

8. பழைய டேப்பைப் பரிசோதிப்பது

இந்தப் படியில் அவசரப்பட்டால் திரும்பக் கிடைக்காததை இழப்பீர்கள்.

முதலில் முகர்ந்து பாருங்கள். டேப்பின் அடிப்படலம் அசிடேட்டாகவோ பாலியஸ்டராகவோ இருக்கும். வினிகர் வாடை வந்தால் அசிடேட் டேப் சிதையத் தொடங்கிவிட்டது. ஸ்பூலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடித்தால் அசிடேட் வழியாக வெளிச்சம் ஊடுருவும், பாலியஸ்டரில் இருட்டாகத் தெரியும். அசிடேட் பழசானால் பட்டென்று உடையும், ஆனால் துல்லியமாக உடைவதால் ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் உடையாமல் நீண்டுவிடும், நீண்ட இடத்தில் ஒலியை மீட்க முடியாது.

இரண்டாவது, பூஞ்சை. மழைக்காலத்தில் அடைத்துக் கிடந்த டேப்பின் ஓரங்களில் வெள்ளைப் பொடியாகத் தெரியும். அப்படியே ஓட்டினால் மெஷின் முழுக்கப் பரவி அடுத்த டேப்புகளுக்கும் ஏறும். முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள்.

மூன்றாவது, பிசுபிசுப்பு. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில டேப்புகளில், ஆம்பெக்ஸ் 406, 456 இவற்றில் பேர் பெற்றவை, காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தைக் குடித்து இளகியிருக்கும். ஓட்டினால் கிறீச்சென்று கத்தும். ஹெட்டில் பழுப்புக் களிம்பு படியும். அந்தக் களிம்புதான் பாட்டு. சத்தம் கேட்டவுடன் நிறுத்துங்கள், ரீவைண்டும் செய்யாதீர்கள்.

இதற்கு வழி, சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமாவது சீராக உலர்த்துவது. வெப்பத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தும் உலர்த்தி வேண்டும். சமையலறை ஓவனும் மைக்ரோவேவும் கூடாது. பலன் சில வாரங்களுக்குத்தான் இருக்கும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அசிடேட்டை ஒருபோதும் இப்படிச் சூடாக்காதீர்கள். அதனால்தான் விளக்கு சோதனை முதலில் வருகிறது.

9. முதல் ஓட்டத்திலேயே பிரதி எடுங்கள்

பழைய டேப்பை ‘முதலில் ஒரு தடவை கேட்டுவிடுவோம்’ என்று ஓட்டாதீர்கள். அந்த ஒரு தடவையே கடைசித் தடவையாக இருக்கலாம். கம்ப்யூட்டரை இணைத்து, அளவை வைத்து, ரெக்கார்டிங் போட்ட பிறகு பிளே அழுத்துங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும்.

அரைத் தட மோனோவில் ஒரு சௌகரியம் உண்டு. கால் தட மெஷினில் இரண்டு சேனலையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் வலது சேனலை மட்டும் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் நேராகக் கிடைக்கும். டேப் ஒருமுறைதான் ஓடியிருக்கும்.

10. உங்கள் முதல் ரெக்கார்டிங்

புது டேப் வாங்குங்கள். பிரான்சின் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவின் ஏடிஆர் மேக்னெட்டிக்ஸ் இரண்டும் இன்றும் தயாரிக்கின்றன. வீட்டு மெஷினுக்கு எல்பிஆர்35 போன்ற 35 மைக்ரான் லாங் பிளே டேப் பொருந்தும். அதைவிட மெல்லிய டபுள் பிளே, டிரிபிள் பிளே பக்கம் போக வேண்டாம். நேரம் கூடக் கிடைக்கும் என்று ஆசை காட்டும். சுருங்கும், நீளும், சிக்கும்.

ஒரே ரக டேப்பில் நில்லுங்கள். பதியும்போது ஒலியோடு சேர்த்து டேப்புக்கு அனுப்பும் உயர் அதிர்வெண் சிக்னலின் அளவு (பயாஸ்) ஒவ்வொரு டேப்புக்கும் வேறு. மெக்கானிக்கிடம் ஒரு டேப்புக்கு அமைத்து வாங்கிவிட்டு வேறு டேப்பில் பதிந்தால், பதிவு கூர்மையாகவோ மந்தமாகவோ மாறிவிடும்.

அழிக்க, பதிய, கேட்க என்று தனித்தனி ஹெட் உள்ள மூன்று ஹெட் மெஷினில் சோர்ஸ்–டேப் சுவிட்ச் இருக்கும். பதியும்போதே டேப் பக்கம் தள்ளினால், கணநேரம் கழித்து டேப்பிலிருந்து வருவதையே கேட்பீர்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதவரை அளவு சரி. ஒலி அளவைக் காட்டும் வியூ மீட்டரின் முள் உச்சங்களில் பூஜ்யத்தைத் தொட்டு மீளட்டும். மிருதங்கம் போன்ற திடீர் அடிகளுக்கு முள் முழுசாக எழாது. அங்கே கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

11. எடுத்து வைப்பது

ஓடி முடிந்த டேப்பை ரீவைண்ட் செய்யாமல் அப்படியே வையுங்கள். சாதாரண வேகத்தில் சீராகச் சுற்றியிருப்பதால் ஓரங்கள் மடங்காது. பக்கத்துச் சுற்றிலிருந்து ஒலி தொற்றினாலும், பாட்டுக்கு முன்னால் கேட்காமல் பின்னால் எதிரொலியாக அடங்கிவிடும். பெட்டியில் ‘கடைசி வெளியே’ என்று எழுதிவிடுங்கள், கூடவே வேகமும் தடமும்.

பெட்டிகளைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் சுற்றுகள் ஒரு பக்கமாகச் சரியும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வேண்டாம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறும்போது காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.